வேலையின்மைக்குள் வருவோர், வெளியேறுவோர்: மாதாந்திர ஓட்டத்தை அளப்பது எப்படி?

வேலையின்மை விகிதம் என்பது அணையின் நீர்மட்டம் மாதிரி. மட்டம் அசையாமல் நிற்கிறது என்பதை வைத்து, வரத்தும் வெளியேற்றமும் நின்றுவிட்டன என்று சொல்ல முடியாது. இரண்டும் சம அளவில் பாய்ந்துகொண்டிருந்தாலும் மட்டம் அப்படியேதான் நிற்கும். வேலை தேடும் 100 பேரில் மாதம் 40 பேர் வெளியேறும் பொருளாதாரமும், 5 பேர் மட்டும் வெளியேறும் பொருளாதாரமும் ஒரே 6 சதவீதத்தைக் காட்டலாம். முதலாவதில் பலர் சில வாரங்கள் வேலையில்லாமல் இருந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இரண்டாவதில் அதே ஆட்கள் ஆண்டுக்கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே கொள்கையை வகுத்தால் பணமும் காலமும் வீண்.

இந்த வரத்தையும் வெளியேற்றத்தையும் வீட்டுக் கணக்கெடுப்புத் தரவிலிருந்து எப்படிக் கணக்கிடுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. தனிநபர் அளவிலான தரவுக் கோப்பும், ஆர், ஸ்டேட்டா போன்ற ஏதாவது ஒரு மென்பொருளும் கையில் இருந்தால் போதும். கணக்கு எளிது. எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துகொள்வதில்தான் உழைப்பு அதிகம்.

1. மூன்று நிலைகள்

ஒவ்வொருவரையும் மூன்றில் ஒரு நிலையில் வையுங்கள். 'பணி' என்றால் வேலையில் இருப்பவர். 'தேடல்' என்றால் வேலை இல்லாமல், வேலைக்குத் தயாராக இருந்து, தேடுபவர். 'வெளி' என்றால் வேலையும் இல்லை, தேடலும் இல்லை: மாணவர், ஓய்வுபெற்றவர், வீட்டைக் கவனித்துக்கொள்பவர், தேடித் தேடி அலுத்து நிறுத்திவிட்டவர்.

புதியவர்கள் பலர் 'வெளி'யை ஒதுக்கிவிட்டு இரண்டு நிலைகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது தவறு. வேலை தேடுவோர் பட்டியலில் புதிதாகச் சேர்பவர்களில் கணிசமானோர் வேலையை இழந்தவர்களே அல்லர். படிப்பை முடித்தவர்களும், இடைவெளிக்குப் பிறகு மறுபடி தேடத் தொடங்கியவர்களும் அதில் இருக்கிறார்கள். பட்டியலை விட்டு வெளியேறுபவர்களிலும் எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடவில்லை. பலர் தேடுவதை விட்டிருக்கிறார்கள். இந்த இரண்டு வெளியேற்றங்களையும் ஒன்றாகப் போட்டால், மனம் தளர்ந்தவர் வேலை பெற்றவராகக் கணக்கில் ஏறிவிடுவார்.

வரையறையைக் கேள்வித்தாளிலிருந்தே எடுங்கள், நினைவிலிருந்து எடுக்காதீர்கள். அமெரிக்காவின் மாதாந்திரக் கணக்கெடுப்பில், தற்காலிகப் பணிநிறுத்தத்தில் இருப்பவரைத் தவிர மற்றவர் கடந்த 4 வாரங்களில் தீவிரமாகத் தேடியிருந்தால்தான் 'தேடல்'. இந்தியாவின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் வாராந்திர நிலைப்படி, 7 நாட்களில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே 'பணி'. அதுவும் இல்லாமல், அந்த வாரத்தில் ஒரு மணி நேரமாவது வேலை தேடியிருந்தால், அல்லது வேலைக்குத் தயாராக இருந்திருந்தால், 'தேடல்'. அதாவது தேடாமல் தயாராக மட்டும் இருந்தவரும் இங்கே வேலையற்றவர். இப்படிப்பட்ட தரவில் 'வெளி'க்கும் 'தேடலு'க்கும் இடையிலான போக்குவரத்து ஒரே ஒரு கேள்விக்கான பதிலைப் பொறுத்திருக்கிறது. இரு நாட்டு ஓட்டங்களை ஒப்பிடும் முன் இதைக் கவனியுங்கள்.

இதே இந்தியக் கணக்கெடுப்பில் 365 நாட்களைப் பார்க்கும் 'வழக்கமான நிலை' என்ற இன்னோர் அளவும் உண்டு. ஓட்டங்களுக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது. அடுத்தடுத்த இரண்டு சந்திப்புகளின் 365 நாட்களும் பெரும்பாலும் ஒரே நாட்கள்தான் என்பதால், நடுவில் நடந்த மாற்றம் அதில் தெரியாது.

2. ஒரே ஆளை இரண்டு முறை பார்த்த தரவு

ஓட்டத்தை அளக்க, அதே நபர் அடுத்த மாதமும் பேட்டி காணப்பட்டிருக்க வேண்டும். பெரிய கணக்கெடுப்புகள் பலவற்றில் வீடுகளைச் சுழற்சி முறையில் மாற்றுவதால் இந்த வசதி இருக்கிறது. அமெரிக்கக் கணக்கெடுப்பில் ஒரு வீடு 4 மாதம் உள்ளே, 8 மாதம் வெளியே, மறுபடி 4 மாதம் உள்ளே. எட்டுக் குழுக்களில் ஆறு அடுத்த மாதமும் தொடர்வதால், அதிகபட்சம் 75 சதவீத மாதிரியை இணைக்கலாம். பிரிட்டனில் வீடு தொடர்ந்து 5 காலாண்டுகள் இருக்கும். எனவே 80 சதவீதம். இந்தியாவில் 2017 முதல் நகர்ப்புற வீடுகளை மட்டும் நான்கு காலாண்டுகள் அடுத்தடுத்துச் சந்தித்தார்கள். 2025 ஜனவரியிலிருந்து கிராமம், நகரம் இரண்டிலும் ஒரு வீட்டை அடுத்தடுத்த 4 மாதங்களில் சந்திக்கும் முறை வந்திருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள்: கேள்வி எந்த வாரத்தைப் பற்றியது? அமெரிக்காவில் அது பொதுவாக மாதத்தின் 12ஆம் தேதி வரும் வாரம், எல்லோருக்கும் ஒன்றே. இந்தியாவில் பேட்டி நாளுக்கு முந்தைய 7 நாட்கள், ஆளுக்கு ஆள் வேறு. இப்படி இருந்தால் இரண்டு பேட்டிகளுக்கும் இடையே எத்தனை நாள் என்பதை ஒவ்வொருவருக்கும் கணக்கிட்டு ஒரு பத்தியில் வைத்துக்கொள்ளுங்கள். 20 நாள் இடைவெளியும் 40 நாள் இடைவெளியும் ஒரே 'மாதம்' ஆகாது.

3. பதிவுகளை இணைத்தல்

வீட்டு எண், வீட்டுக்குள் நபரின் வரிசை எண், சந்திப்பு எண் ஆகிய மூன்றையும் வைத்து முதலில் இணையுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். ஒரு வீட்டில் வரிசை எண் 2 முதல் மாதம் 34 வயதுப் பெண், இரண்டாம் மாதம் 11 வயதுச் சிறுவன் என்றால், அந்தக் குடும்பம் காலி செய்து வேறு குடும்பம் குடியேறியிருக்கிறது, அல்லது வரிசை எண்கள் இடம் மாறியிருக்கின்றன. முதல் மாதம் 'பணி', அடுத்த மாதம் 'வெளி' என்று அந்த வரி காட்டும் மாற்றம் நடக்கவே இல்லை.

ஆகவே பாலினம் ஒத்துப்போக வேண்டும். வயது வித்தியாசம் 0 அல்லது 1 ஆக இருக்க வேண்டும். வயதைக் குத்துமதிப்பாகச் சொல்லும் வழக்கம் இருந்தால் -1 முதல் 2 வரை அனுமதிக்கலாம். தளர்த்தினால் பொய் மாற்றங்கள் கூடும். இறுக்கினால் உண்மையான ஆட்கள் உதிர்வார்கள். இரண்டு விதமாகவும் ஓட்டிப் பாருங்கள். விடை பெரிதாக மாறினால், இணைப்பில் இன்னும் கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

4. ஒன்பது கட்ட அட்டவணை

10,000 பேர் இணைந்ததாக வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. முதல் மாதத்தில் பணி 6,000, தேடல் 400, வெளி 3,600.

பணியில் இருந்த 6,000 பேரில் 5,780 பேர் பணியிலேயே தொடர்கிறார்கள். 70 பேர் தேடலுக்கு, 150 பேர் வெளிக்கு.
தேடலில் இருந்த 400 பேரில் 110 பேருக்கு வேலை கிடைக்கிறது. 220 பேர் இன்னும் தேடுகிறார்கள். 70 பேர் வெளிக்குப் போகிறார்கள்.
வெளியில் இருந்த 3,600 பேரில் 130 பேர் நேராகப் பணிக்கு, 90 பேர் தேடலுக்கு. 3,380 பேர் அங்கேயே.

இரண்டாம் மாதத்தில் தேடல் 70 + 220 + 90 = 380. வேலையின்மை விகிதம் (தேடலை, பணியும் தேடலும் சேர்ந்த எண்ணிக்கையால் வகுத்தது) 400/6,400 = 6.25 சதவீதத்திலிருந்து 380/6,400 = 5.94 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது. செய்தியில் வருவது '20 பேர் குறைவு' மட்டும்தான். அதன் அடியில் 160 பேர் உள்ளே வந்து 180 பேர் வெளியேறியிருக்கிறார்கள். உள்ளே வந்த 160 பேரில் 90 பேர் முந்தைய மாதம் வேலையிலேயே இல்லாதவர்கள்.

ஒவ்வொரு கட்டத்தையும் அந்த வரிசையின் முதல் மாத எண்ணிக்கையால் வகுத்தால் மாறும் நிகழ்தகவு கிடைக்கும். பணியிலிருந்து தேடலுக்கு 70/6,000 = 1.17 சதவீதம். தேடலிலிருந்து பணிக்கு 110/400 = 27.5 சதவீதம். தேடலிலிருந்து வெளிக்கு 17.5 சதவீதம். வகுக்கும் எண் எப்போதும் ஆள் கிளம்பிய நிலையின் எண்ணிக்கை. போய்ச் சேர்ந்த நிலையுடையது அன்று. இது அடிக்கடி நேரும் பிசகு.

5. காணாமல் போனவர்கள்

இணையாதவர்களை அப்படியே விட்டுவிட்டால், எஞ்சியவர்களும் அவர்களைப் போன்றவர்களே என்று நாம் எடுத்துக்கொண்டதாகும். அப்படி இருப்பதில்லை. முகவரி அடிப்படையிலான கணக்கெடுப்பு, வீடு மாறிப் போனவரைப் பின்தொடராது. வீடு மாறுவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று வேலை கிடைத்தது, அல்லது போனது. ஆக, நாம் எண்ண விரும்பும் மாற்றங்களே முதலில் உதிர்கின்றன.

குறைந்தபட்சம் இரண்டு படிகள் செய்யுங்கள். முதலில், வயது, பாலினம், கல்வி, முதல் மாத நிலை ஆகியவற்றை வைத்து, ஒருவர் இணைவதற்கான நிகழ்தகவைக் கணித்து, அதன் தலைகீழால் அவரது பெருக்கெண்ணை (மக்கள்தொகையில் எத்தனை பேருக்கு அவர் ஈடு என்று காட்டும் எண்) பெருக்குங்கள். அடுத்து, அட்டவணையின் வரிசைக் கூட்டல் முதல் மாதத்தின் அதிகாரபூர்வ எண்ணிக்கைக்கும், பத்திக் கூட்டல் இரண்டாம் மாதத்தின் எண்ணிக்கைக்கும் பொருந்தும்வரை மாற்றி மாற்றிச் சரிசெய்யுங்கள். பொதுவாகச் சில சுற்றுகளில் எண்கள் நிலைத்துவிடும். அந்த வயது வரம்பைப் புதிதாக எட்டியவர்கள், இறந்தவர்கள், இடம்பெயர்ந்து வந்தவர்கள் ஆகியோரால் மொத்த மக்கள்தொகையே மாறியிருக்கும். அவர்களுக்கென நான்காவதாக ஒரு வரிசையும் பத்தியும் வைத்தால் கணக்கு முட்டாது.

இந்தச் சரிசெய்தல் கூட்டலைப் பொருத்தும். வீடு மாறியவரின் கதையை மீட்டுத் தராது. அந்தக் குறை எஞ்சியே இருக்கும்.

6. தவறாகப் பதிவான நிலை

இந்த வேலையில் மிகப் பெரிய ஆபத்து இதுதான். மேலே உள்ள அட்டவணையில், உண்மையில் வெளியிலேயே இருந்த 3,380 பேரில் 1 சதவீதத்தினர் இரண்டாம் மாதத்தில் தவறுதலாகத் 'தேடல்' என்று பதிவானால், 34 பொய் வருகைகள். உண்மையான வருகை 90. நாம் காண்பதோ 124. எண்ணிக்கையில் ஒரு மாதத்துத் தவறுகள் இரண்டு பக்கமும் ஓரளவு கழிந்துவிடும். ஓட்டத்தில் அவை கழியாது. ஒவ்வொரு தவறும் ஒரு போலி மாற்றத்தை உண்டாக்கும். அடுத்த மாதம் பதிவு சரியானால் இன்னொரு போலி மாற்றம்.

யார் பதில் சொன்னார் என்பதிலிருந்து தொடங்குங்கள். முதல் மாதம் மகள் தன்னைப் பற்றித் தானே சொல்லியிருப்பார். அடுத்த மாதம் அவருக்காக அப்பா சொல்லியிருப்பார். பதில் சொன்னவர் மாறிய பதிவுகளில் மாற்றம் எத்தனை சதவீதம், மாறாத பதிவுகளில் எத்தனை என்று தனித்தனியே பாருங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் அது தொழிலாளர் சந்தையின் செய்தி ஆகாது.

மூன்று மாதம் தொடர்ந்து கிடைப்பவர்களிடம் 'தேடல், வெளி, தேடல்' என்ற வரிசையைத் தேடுங்கள். மூன்றாம் மாதம் அவரே 'ஆறு மாதமாகத் தேடுகிறேன்' என்று சொல்லியிருந்தால், நடுவிலுள்ள 'வெளி' சந்தேகத்துக்குரியது. நடு மாதத்தைத் 'தேடல்' என்று மாற்றியும், எதிர் வரிசையான 'வெளி, தேடல், வெளி'யில் நடு மாதத்தை 'வெளி' என்று மாற்றியும் ஒரு முறை கணக்கிடுங்கள். மாற்றாத கணக்கையும் கூடவே வைத்திருங்கள். இந்தத் திருத்தம் சில உண்மையான குறுகிய மாற்றங்களையும் அழித்துவிடும் என்பதால், இரண்டுக்கும் நடுவே எங்கோதான் உண்மை. அதே ஆட்களிடம் அதே கேள்விகளை மறுபடி கேட்டுச் சரிபார்த்த மறுபேட்டித் தரவு கிடைத்தால் இன்னும் நல்லது. 1980களிலேயே ஆய்வாளர்கள் அபவுட், செல்னர் ஆகியோரும், போட்டர்பா, சம்மர்ஸ் ஆகியோரும் அதை வைத்து ஓட்டங்களைத் திருத்தும் வழியைக் காட்டினார்கள்.

பதிவுப் பிழை நெருக்கடிக் காலத்தில் எப்படி வீங்கும் என்பதற்கு 2020 ஏப்ரல் போதும். அமெரிக்காவில் பெருந்தொற்றால் வீட்டிலிருந்த பலர், 'வேலை உண்டு, வேறு காரணத்தால் வரவில்லை' என்று பணிக் கணக்கில் பதிவானார்கள். அறிவிக்கப்பட்ட வேலையின்மை விகிதம் 14.7 சதவீதம். அவர்களைத் தற்காலிகப் பணிநிறுத்தத்தில் வைத்திருந்தால் அது ஏறத்தாழ 5 புள்ளிகள் கூடியிருக்கும் என்று அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையே வெளிப்படையாகச் சொன்னது. மீண்டும் கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பவரைத் தேடலுக்குள்ளேயே ஒரு துணை நிலையாகப் பிரித்து வைப்பது எப்போதும் நல்லது. அவர்கள் வெளியேறும் வேகம் மற்றவர்களுடையதிலிருந்து முற்றிலும் வேறு.

7. இரண்டு பேட்டிகளுக்கு நடுவே நடந்தவை

15ஆம் தேதி வேலை போய், மாதக் கடைசியில் வேறு வேலையில் சேர்ந்தவர் இரண்டு பேட்டிகளிலும் 'பணி'தான். அவர் பட்ட இரண்டு வார வேலையின்மை அட்டவணையில் எங்கும் இல்லை. வேலை சீக்கிரம் கிடைக்கும் நல்ல காலத்தில் இப்படி மறைபவர்கள் அதிகம். மந்த காலத்தில் குறைவு. இதைத் திருத்தாவிட்டால், மந்த காலத்தில் வேலையிழப்பு உண்மையைவிடக் கூடுதலாக ஏறியதுபோலத் தோன்றும்.

இதற்கு மாத நிகழ்தகவை இடையறாத வேகமாக, அதாவது மாதம் முழுவதும் ஒவ்வொரு கணமும் மாற்றம் நடக்கும் வீதமாக, மாற்ற வேண்டும். பணி, தேடல் இரண்டை மட்டும் வைத்து ஒரு தோராயம் பார்ப்போம். இரு நிகழ்தகவுகளின் கூட்டல் 0.01167 + 0.275 = 0.28667. ஒன்றிலிருந்து கழித்தால் 0.71333. அதன் இயல் மடக்கையின் குறியை மாற்றினால் 0.338. அதை 0.28667ஆல் வகுத்தால் 1.178. இரண்டு நிகழ்தகவுகளையும் இந்த 1.178ஆல் பெருக்குங்கள்: வேலையிழப்பு வேகம் 0.0137, வேலை கிடைக்கும் வேகம் 0.324. கண்ணுக்குத் தெரிந்ததைவிட ஏறக்குறைய 18 சதவீதம் கூடுதல்.

மூன்று நிலைகளுக்கும் முறையாகச் செய்ய, 3×3 நிகழ்தகவு அணியின் மடக்கையை எடுக்க வேண்டும். ஆர் மென்பொருளின் எக்ஸ்பிஎம் தொகுப்பில் அதற்கான கட்டளை இருக்கிறது. விடையில் மூலைவிட்டத்துக்கு வெளியே எதிர்மறை எண் வந்தால் அந்த மாதத்து அட்டவணையை நம்ப வேண்டாம்; பெரும்பாலும் சிறு மாதிரிதான் காரணம். பேட்டி இடைவெளி 30 நாளாக இல்லாதபோது, வேகத்தைத்தான் நாட்கணக்கில் மாற்ற வேண்டும், நிகழ்தகவை மாற்றக் கூடாது.

8. இணைக்கவே முடியாத தரவு என்றால்

ஆட்களைத் தொடர முடியாவிட்டாலும், 'எத்தனை வாரமாகத் தேடுகிறீர்கள்?' என்ற கேள்வி இருந்தால் வழி உண்டு. பொருளியலாளர் ராபர்ட் ஷைமர் பரவலாக்கிய முறை இது. தேவை மூன்று எண்கள்: இந்த மாதத் தேடல் 400, அடுத்த மாதத் தேடல் 380, அடுத்த மாதத்தில் 5 வாரத்துக்குக் குறைவாகத் தேடுவோர் 160. 380இலிருந்து 160ஐக் கழித்தால், போன மாதத்திலிருந்து தங்கிவிட்டவர்கள் 220. எனவே வெளியேறும் நிகழ்தகவு 1 - 220/400 = 0.45. 0.55இன் இயல் மடக்கையின் குறியை மாற்றினால் வேகம் 0.598.

இந்த 45 சதவீதம் வேலை பெற்றவர்கள் மட்டும் அல்ல என்பதை மறக்காதீர்கள். நம் அட்டவணையில் அது 27.5, 17.5 இரண்டின் கூட்டல். இரண்டு நிலைகள் மட்டுமே உண்டு என்று கொள்ளும் இந்த முறையில், 400ஐ 380க்குக் கொண்டுவரும் வருகை வேகத்தை எண்முறையில் தேடினால் 0.0354 கிடைக்கிறது. நேராக 160/6,000 என்று வகுத்திருந்தால் 0.027தான்.

கேள்வித்தாள் மாறிய ஆண்டில் இந்த முறை தடுமாறும். அமெரிக்காவில் 1994இல், தொடர்ந்து தேடுபவரிடம் கால அளவை மறுபடி கேட்காமல் முந்தைய பதிலோடு வாரங்களைக் கூட்டிக்கொள்ளும் முறை வந்தது. அதனால் குறுகிய காலத் தேடுவோர் எண்ணிக்கை ஒரே அடியாகக் குறைந்தது. புதிதாக உள்ளே வந்த 1ஆம், 5ஆம் மாதக் குழுக்களிடம் மட்டும் கால அளவு நேரடியாகக் கேட்கப்படுவதால், ஷைமர் அவர்களை வைத்து அதைச் சரிசெய்தார்.

9. காரணத்தைப் பிரித்தல்

வேகங்கள் இப்படியே தொடர்ந்தால் விகிதம் எங்கே போய் நிற்கும்? வருகை வேகத்தை, இரு வேகங்களின் கூட்டலால் வகுங்கள்: 0.0354/(0.0354 + 0.598), அதாவது 5.6 சதவீதம். இதுதான் நிலைத்த விகிதம். இப்போதைய 5.94 அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.

ஏற்றத்துக்குக் காரணம் வேலையிழப்பா, வேலை கிடைக்காமையா என்பதையும் இதிலிருந்தே பிரிக்கலாம். வருகை வேகம் 0.020இலிருந்து 0.025க்கு ஏறி, வெளியேறும் வேகம் 0.40இலிருந்து 0.30க்கு இறங்கினால், நிலைத்த விகிதம் 4.8இலிருந்து 7.7 சதவீதமாகும். மடக்கையில் வருகையின் மாற்றம் 0.223, வெளியேற்றத்தின் மாற்றம் 0.288, கூட்டல் 0.511. ஆக வேலையிழப்பின் பங்கு 44 சதவீதம், மீதி 56 வேலை கிடைக்காமையால். வெளியேற்றம் மிக மெதுவாக நடக்கும் நாடுகளில் இந்தப் பிரிப்பை அப்படியே பயன்படுத்தாதீர்கள். அங்கே உண்மை விகிதம் நிலைத்த விகிதத்தை எட்டவே பல மாதங்களாகும், போன ஆண்டின் வேலையிழப்பு இந்த ஆண்டின் விகிதத்திலும் நிற்கும்.

10. வெளியிடும் முன்

தேடலில் இருந்தவர்கள் 400 பேர்தான் என்றால், 27.5 சதவீதத்தின் திட்டப்பிழை (மாதிரி எடுப்பதால் வரும் தடுமாற்றத்தின் அளவு) எளிய மாதிரி என்று கொண்டாலே 2.2 புள்ளி. அதாவது உண்மை 23க்கும் 32க்கும் நடுவே எங்கும் இருக்கலாம். கொத்துக் கொத்தாக எடுத்த மாதிரி என்றால் இடைவெளி இன்னும் அகலும். அடுத்த மாதம் 25.5 என்று வந்தால் அதைச் சரிவு என்று எழுதாதீர்கள். மூன்று மாதச் சராசரியாகப் பாருங்கள். மாவட்டம், சாதி, தொழில் என்று பிரித்தால் கட்டங்கள் சீக்கிரம் காலியாகிவிடும்.

பருவகாலத் திருத்தத்தை ஒன்பது ஓட்டங்களுக்கும் தனித்தனியே செய்தால், திருத்திய ஓட்டங்களின் கூட்டல் திருத்திய எண்ணிக்கையின் மாற்றத்தோடு பொருந்தாது. திருத்திய பிறகு 5ஆம் பகுதியில் சொன்ன பொருத்தலை மறுபடி ஓட்டுங்கள்.

அட்டவணையின் கீழே இவை இருக்கட்டும்: இணைந்தவர்கள் தகுதியுள்ளவர்களில் எத்தனை சதவீதம், வயது வித்தியாசத்துக்கு எந்த வரம்பு, நிலைத் திருத்தம் செய்ததா இல்லையா, எண்கள் நிகழ்தகவா வேகமா, பெருக்கெண் எந்த மாதத்துடையது. மக்கள்தொகை மதிப்பீடு திருத்தப்பட்டுப் புதிய பெருக்கெண்கள் வரும்போது, அவை பழைய மாதங்களுக்கும் கிடைத்தால் தொடர் முழுவதையும் முதலிலிருந்து ஓட்டுங்கள். கிடைக்காவிட்டால், மாற்றம் எந்த மாதத்தில் வந்தது என்று தொடரில் ஒரு கோடு போட்டுக் காட்டுங்கள்.